வலி தெரியாதவருக்கு நோய் கண்டுபிடிப்பது

"என்ன பண்ணுது?"

எங்கள் தொழிலில் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் பதில் வலியில்தான் ஆரம்பிக்கும். எங்கே வலி, எப்போதிலிருந்து, குத்துகிற மாதிரியா பிசைகிற மாதிரியா, சாப்பிட்டால் கூடுகிறதா குறைகிறதா என்று நாலைந்து கேள்வி கேட்டாலே பாதி நோய் பிடிபட்டுவிடும். மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதி இதுவே. குடல்வால் அழற்சி என்றால் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்து வலது அடிவயிற்றில் வந்து நிற்கும். பித்தப்பைக் கோளாறு வலது தோள்பட்டை வரை ஏறும். மாரடைப்பு இடது கைக்கும் தாடைக்கும் போகும். வலி போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போனால் நோய் இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம்.

அந்த வலியே தெரியாத ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தால் என்ன செய்வது?

வேலூர்ப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு இது அபூர்வமாக வரும் கேள்வி அல்ல, அன்றாடம் வருவது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. இவர்களில் கணிசமானவர்களுக்கு, வருஷங்கள் போகப் போக, பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வரும். அப்புறம் தொழுநோயால் நரம்பு கெட்டவர்கள் இருக்கிறார்கள். மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் வந்து "வலிக்குது" என்று சொல்லப்போவதில்லை. சொல்லவில்லை என்பதாலேயே ஒன்றும் இல்லை என்று வீட்டிலும் நினைக்கிறார்கள், மருத்துவமனையிலும் நினைக்கிறார்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கைத்தறி நெய்கிற பெரியவர் ஒருவர் வந்தார். கூடவே அவர் மனைவி. "ரெண்டு நாளா குளிர் ஜுரம் டாக்டரம்மா. சோறு எறங்கல. சுகர் எவ்ளோ மாத்திரை போட்டாலும் கொறைய மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. வேறு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். சிறுநீரில் கிருமி என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இருமல் இல்லை, மூத்திரக் கடுப்பு இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது. காலில் ஏதாவது புண் இருக்கிறதா என்று கேட்டேன். "காலெல்லாம் நல்லா கீதும்மா. ஒரு வலியும் இல்ல" என்றார் பெரியவர்.

"தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா?"

"ஆமா, வலது பக்கம். நடந்தா அதான் இழுக்குது."

இது எனக்கு வயதில் மூத்த ஒரு தொழுநோய் மருத்துவர் சொல்லிக்கொடுத்த கேள்வி. நரம்பு கெடுவது விரல் நுனியிலிருந்து மேலே ஏறும். முழங்காலுக்குக் கீழே எங்கேயோ ஓரிடத்தில் நின்றிருக்கும். தொடை இடுக்கில் உணர்ச்சி சரியாகவே இருக்கும். பாதத்தில் சீழ் வைத்தால் அந்தச் சேதி பாதத்திலிருந்து வராது, நெறி கட்டின இடத்திலிருந்துதான் வரும். நோயாளி தொடையைக் காட்டுவார். நாம் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், பழைய ஆணி மாதிரி காய்த்துப்போன தோல். அதன் நடுவில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் அழுத்தினால் மேல்பாதம் லேசாக உப்பியது. அழுத்தும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு சுளிப்பு இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை எடுத்து உள்பக்கம் விரலால் தடவினேன். புள்ளி இருந்த அதே இடத்தில் சீமைக்கருவேல முள்ளின் நுனி, ரப்பரைத் துளைத்துக்கொண்டு வந்து, அரிசி நீளத்துக்கு நின்றது. "ஐயோ, ஒரு வாரமா இதையேதானே போட்டுக்கினு தறி மிதிக்கப் போறாரு" என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

காய்த்த தோலைச் சீவி எடுத்ததும் உள்ளே சீழ். உலோகக் குச்சியை மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தோம். குச்சி நுனியில் கெட்டியாக எலும்பு தட்டுப்பட்டால் எலும்பிலும் கிருமி இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குத் தட்டுப்படவில்லை. விரல் தப்பியது.

இந்த ஒரு சம்பவத்திலேயே நான் சொல்ல வந்தது முக்கால்வாசி இருக்கிறது. உடம்பு சும்மா இருக்கவில்லை. ஜுரம் வந்தது, பசி போனது, கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏறியது, நெறி கட்டியது. வலி என்ற ஒரு வழி அடைத்திருந்ததால் மீதி வழிகளிலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

"உணர்ச்சி இல்லேன்னு சொல்றீங்க, ஆனா ராத்திரியில எரியுதே டாக்டரம்மா?" இதைக் கேட்காத நோயாளி கிடையாது. நியாயமான கேள்விதான். வலியையும் சூட்டையும் சுமந்து வருபவை மெல்லிய நரம்பிழைகள். சர்க்கரையில் அவை கெட ஆரம்பிக்கும்போது காரணமில்லாமல் தாமாகவே சமிக்ஞை அனுப்பும். அதுதான் ராத்திரி எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது எல்லாம். அதே நரம்பு முள் குத்தினால் சொல்லாது. இன்னொன்றும் உண்டு. சிலர் ஒருநாள் சந்தோஷமாக வந்து, "எரிச்சல் தானா நின்னுபோச்சு" என்பார்கள். சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டு அப்படி ஆகியிருந்தால் நல்லது. அப்படி இல்லையென்றால் அந்த நரம்பு முழுசாகவே போயிருக்கலாம். எரிச்சல் நின்றவருக்குத்தான் நான் பரிசோதனையைத் திரும்பச் செய்கிறேன்.

பரிசோதனை ரொம்பச் சின்னது. ஒரு பிடியில் பொருத்திய நைலான் நரம்பு. தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து எடுப்போம். தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும். கண் மூடியிருப்பவர் "ம்" சொல்லக் காத்திருப்பார், நான் வைத்து எடுத்து முடித்திருப்பேன். "ஆரம்பிங்க டாக்டர்" என்பார்கள் சிலர். அப்போது கூட வந்தவர்களைத்தான் பார்க்கச் சொல்வேன். மகனோ மகளோ தங்கள் கண்ணால் அதைப் பார்த்தபிறகு அந்த வீட்டில் பாதத்துக்குக் கிடைக்கும் மரியாதை மாறிவிடும்.

இந்த நைலான் நரம்புச் சோதனையைச் சர்க்கரைக்காரர்களுக்கு முன்பே தொழுநோயாளிகளிடம் பயன்படுத்தினார்கள். வலி இல்லாத பாதத்தைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு தொழுநோயிலிருந்து வந்தது. அதிலும் ஒரு பெரும்பங்கு எங்கள் ஊர்ப்பக்கம் கண்டறியப்பட்டது.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைத் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அந்தக் காலத்தில் தொழுநோயாளியின் சதையே கெட்டது, அது தானாக அழுகி உதிரும் என்றுதான் மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் அதை நம்பாமல் கவனிக்க ஆரம்பித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டியது. அவனுக்குத் தெரியவில்லை. நமக்கு வலி வந்து கையை எடுத்துவிடுவோம். அவனுக்கு நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சூடான பாத்திரம், கைப்பிடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, ஒரே இடத்தில் அழுத்தும் செருப்பு என்று ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு காரணம் தேடிக் கண்டுபிடித்தார்கள். ராத்திரியில் சிலருக்கு விரல் காணாமல் போவதன் காரணத்தைத் தேடியபோது எலி கடிப்பது தெரிந்தது. வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

சதையில் நோயில்லை, காயம் ஆறும், காயம் படாமல் பார்த்துக்கொண்டால் விரல் நிற்கும் என்று சொன்னது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். மெத்தென்ற நுண்ணறை ரப்பர் வைத்த செருப்பும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். அரசு மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். வேலூருக்குப் பக்கத்தில் 1955-ல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையின் ஊழியர்கள் குடியாத்தம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் முழங்கையின் உள்பக்க நரம்பைத் தடவிப் பார்த்து, தடித்திருக்கிறதா என்று சோதித்தார்கள். வலி இல்லாமலே நரம்பு செயலிழப்பதைத் தொழுநோயில் அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ஸ்டீராய்டு கொடுத்தால் உணர்ச்சி திரும்பும் வாய்ப்பு கணிசம். அப்புறம் என்றால் கஷ்டம். பேனா முனையால் உள்ளங்கையில் தொட்டுத் தொட்டு மாதாமாதம் குறித்துவைக்காமல் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவர் குழு செய்து பார்த்து, கடைசியில் கைவிட்ட ஒரு முயற்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கப் பார்த்தார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அறியும் கருவிகளை வைத்தார்கள். அளவுக்கு மீறி அழுத்தினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகளோ சத்தம் கேட்டாலும் கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தார்கள். சரி என்று, உணர்ச்சி மிச்சம் இருக்கும் இடத்தில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வேலையை எப்படியும் முடிக்க வேண்டும் என்று தோன்றினால், சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் முட்டாள்கள் இல்லை. விரல் போவதன் துயரம் அவர்களை விட யாருக்குத் தெரியும்? ஆபத்து என்று தெரிந்துகொள்வதும் வலிப்பதும் ஒன்றல்ல. வலி நம்மிடம் அனுமதி கேட்பதில்லை, அணைத்துவைக்க சுவிட்சும் இல்லை. நாம் நொண்டுவது கூட யோசித்துச் செய்வது இல்லை. "சொன்னா கேக்கமாட்டேங்குறாங்க, அலட்சியம்" என்று சர்க்கரை நோயாளிகளைத் திட்டும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சுளீர் என்று குத்தும் காலை யாராலும் அலட்சியம் செய்ய முடியாது. குத்தாத காலை நாள் முழுக்க ஞாபகம் வைத்திருக்கவும் யாராலும் முடியாது. அந்த ஞாபகத்தை அவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, பிறகு கெட்டுப்போனதற்கும் அவரையே குற்றம் சொல்வது அநியாயம்.

மிக அதிகமாகத் தவறவிடப்படும் நோய் எது என்று கேட்டால் சார்க்கோ பாதம் என்று சொல்வேன். பாரிஸ் மருத்துவர் ஷான் மார்ட்டன் சார்க்கோ 1868-ல், சிபிலிஸ் முற்றித் தண்டுவடம் கெட்டவர்களின் மூட்டுகளில் இதை விவரித்தார். இன்று சர்க்கரைக்காரர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். உணர்ச்சி இல்லாத பாதத்தில் எலும்புகள் நொறுங்கிக் கலைந்துபோகும் நோய் இது. ஒரு காலை எங்கேயோ தடுக்கிக்கொண்டார், சுளுக்கு என்று நினைத்தார், ஒரு வாரத்தில் பாதம் வீங்கிவிட்டது. நடந்தே வருவார். பாதம் சிவந்திருக்கும். புண் இருக்காது. ஜுரம் இருக்காது. எக்ஸ்ரே எடுத்தால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கிருமித் தொற்று என்று ஒருவர் ஆன்டிபயாடிக் கொடுப்பார், யூரிக் ஆசிட் என்று இன்னொருவர் மாத்திரை கொடுப்பார், ரத்தக் கட்டியா என்று மூன்றாமவர் ஸ்கேனுக்கு அனுப்புவார். மூன்று பேருமே "வலி இல்லையே, நடங்க" என்று சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே எலும்பு உடைந்துகொண்டே போகும். மூன்று மாதத்தில் பாதத்தின் வளைவு கீழே இறங்கி, உள்ளங்கால் படகின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்த மேட்டில் புண் வரும், அந்தப் புண்ணில் கால் போகும்.

இதைப் பிடிக்க வேண்டியது கைதான். இரண்டு பாதத்தின் மேலும் ஒரே நேரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் ஒன்று கொதிக்கும். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டிச் சூடு பார்த்தோமே, அந்தக் கருவியைப் பரப்பு வெப்பம் காட்டும்படி மாற்றி, இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் காட்டிப் பார்க்கிறேன். 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் காலை இறக்கி வைக்கக்கூடாது என்பது கணக்கு. இன்னொரு வழியும் உண்டு. நோயாளியைப் படுக்கவைத்துக் காலை ஐந்து, பத்து நிமிடம் உயரத் தூக்கி வைத்தால் சார்க்கோவின் சிவப்பு மங்கும், தொற்றின் சிவப்பு அப்படியே நிற்கும். ஒரு பைசா செலவில்லை. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் அதற்கு நாள் குறிக்கும் வரை நடக்க விடக்கூடாது, அன்றைக்கே காலுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். முழங்கால் வரை இறுக்கமில்லாமல் ஒட்டினாற்போல மாவுக்கட்டு போட்டு, மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். வலியே இல்லாத காலுக்கு மாவுக்கட்டா என்று வீட்டில் சண்டை நடக்கும். நான் சமாதானம் சொல்வதை விட, வெப்பம் காட்டும் அந்த இரண்டு எண்ணையும் ஒவ்வொரு வாரமும் அவர்களே எழுதிவைக்கும்படி செய்கிறேன். எண் இறங்குவதைப் பார்க்கப் பார்க்கப் பொறுமை வரும்.

பாதம் கண்ணால் பார்க்கிற இடத்திலாவது இருக்கிறது. உள்ளுறுப்புகளுக்கு வலி இல்லாமல் போனால் இன்னும் சிரமம். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரத்து மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மாரடைப்புகளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல், வந்தது யாருக்குமே தெரியாமல் பிறகு இ.சி.ஜி.யில்தான் தெரியவந்தது. சர்க்கரையில் இதயத்துக்குப் போகும் நரம்புகளும் கெடுவதால் அவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. "திடீர்னு வேர்த்துக் கொட்டிச்சு, ஒரு மாதிரி அசதியா இருந்தது, ரெண்டு தரம் வாந்தி" என்று பல வருஷ சர்க்கரைக்காரர் சொன்னால், நெஞ்சு வலி இல்லை என்பதை நான் ஒரு ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை. இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் அஜீரணத்தைப் பற்றிப் பேச்சு.

தண்டுவடம் அடிபட்டவர்கள் விஷயம் வேறு விதம். பனைமரத்திலிருந்து விழுந்து, மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஓர் இளைஞர். அவருக்கு எல்லாம் செய்வது அம்மாதான். ஒருநாள் அந்த அம்மா ஆட்டோவில் அழைத்து வந்துவிட்டார். "காலையிலிருந்து மூஞ்செல்லாம் வேர்க்குது. தலை வெடிக்கிற மாதிரி வலிக்குதுங்கறான். காலு ரெண்டும் உதறிக்கினே கீது. ஏதோ ஆவுது டாக்டரம்மா, எனக்குத் தெரியுது" என்றார். வழியில் ஓரிடத்தில் பி.பி. ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அவருடைய வழக்கமான பி.பி. நூற்றை ஒட்டித்தான் இருக்கும். அன்று 170.

மார்பின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, உணர்ச்சி இல்லாத பகுதியில் ஏதாவது வதை நடந்தால் மூளைக்கு வலி போய்ச் சேராது. ஆனால் கீழே இருக்கும் நரம்புகள் பதறி ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பி.பி. எகிறும், காயத்துக்கு மேலே வேர்க்கும், முகம் சிவக்கும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசியும் வரை போகலாம். முதலில் செய்ய வேண்டியது படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைப்பது. இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துவது. அப்புறம் காரணத்தைத் தேடுவது. பெரும்பாலும் சிறுநீர்ப்பை, அடுத்தது மலச்சிக்கல், அதற்கும் அடுத்தது படுக்கைப் புண்ணோ உள்ளே வளர்ந்த கால் நகமோ. அந்தப் பையனுக்கு சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. மாற்றியதும் ஒரு லிட்டருக்குப் பக்கம் வடிந்தது. பி.பி. தானாக இறங்கியது.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் மகன் உடம்பில் வலி இருந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். கால் உதறல் கூடினால், வேர்வை இடம் மாறினால், சோறு வேண்டாம் என்றால், ஏதோ நடக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் குடல்வால் வீங்கினாலும், பித்தப்பை பழுத்தாலும் வெளியே தெரிவது இவ்வளவுதான். வயிற்றை அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று அனுப்பிவிட முடியாது. ஜுரம் வந்தாலே சிறுநீர்த் தொற்று என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறதா, பார்த்துக்கொள்பவர் என்ன சொல்கிறார், இந்த இரண்டும் சந்தேகம் கொடுத்தால் வயிற்று ஸ்கேனைத் தள்ளிப்போடக்கூடாது.

இங்கே மேரி வர்கீஸைச் சொல்லாமல் போக மனமில்லை. வேலூரில் மருத்துவராக இருந்த அவர் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். பாகாயத்தில் அவர் பெயரிலேயே மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. வலி தெரியாத உடம்பைக் கவனித்துக்கொள்வது எப்படி என்று நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்த மருத்துவருக்கு, அது அவரவர் தினசரி வேலை என்பது சொந்த உடம்பிலேயே தெரிந்திருந்தது.

பிறவியிலேயே வலி தெரியாதவர்களும் உண்டு. மிக அபூர்வம். 2006-ல் பாகிஸ்தானின் வடபகுதிக் குடும்பங்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், வலி நரம்பில் சோடியம் நுழையும் ஒரு வாயிலை உருவாக்கும் மரபணுவின் பிழையே காரணம் என்று கண்டார்கள். அவர்கள் கவனத்துக்கு முதலில் வந்த சிறுவன், கையில் கத்தி ஏற்றிக்கொண்டு, நெருப்பில் நடந்து தெருவில் வித்தை காட்டியவன். விஞ்ஞானிகள் பார்ப்பதற்கு முன்பே, பதினாலு வயது ஆகுமுன், கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். இன்னொரு வகையில் வலியோடு வேர்வையும் வராது. வேர்க்காத குழந்தைக்குக் காரணம் தெரியாமல் ஜுரம் வந்துகொண்டே இருக்கும், வெயில் காலத்தில் உயிருக்கே ஆபத்து. பல் முளைத்ததும் நாக்கையும் விரல் நுனியையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தை, தடுப்பூசிக்கு அழாத குழந்தை, எலும்பு முறிந்தும் ஓடி விளையாடும் குழந்தை என்றால் இதை நினைக்க வேண்டும். இந்தப் பெற்றோர்கள் மீது பிள்ளையை அடித்தார்கள் என்ற சந்தேகம் விழுவதும் நடந்திருக்கிறது. அழாத பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று கொஞ்சும் நம் வழக்கம் இந்த ஒரு இடத்தில் ஆபத்து.

வீட்டில் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். தினமும் ஒரு நேரம் வைத்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வெந்நீரை முழங்கையால் பார்க்க வேண்டும். ஆணிக்கு மருந்துக் கடை பிளாஸ்திரி போடக்கூடாது, அதில் இருக்கும் அமிலம் தோலை அரித்துவிடும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் கூடுதலாகச் சொல்வது, பார்ப்பது இன்னொருவர் வேலையாக இருக்கட்டும் என்பது. குனிய முடியாது, கண்ணும் மங்கியிருக்கும், அப்புறம் முன்னே சொன்ன மாதிரி ஞாபகமும் நிற்காது. என் அனுபவத்தில் கணவரின் காலை மனைவி பார்த்துவிடுகிறார். அதே சர்க்கரை உள்ள மனைவியின் காலை யாரும் பார்ப்பதில்லை. பெண்கள் எங்களிடம் வரும்போது புண் பெரிதாகித்தான் வருகிறது, புடவைக்குக் கீழே இருப்பதை யாரும் கேட்கவில்லை. இதைக் கணவர்களிடம் நேராகவே சொல்கிறேன். சிலர் வெட்கப்படுகிறார்கள். சிலர் அடுத்த முறை வரும்போது, "இவளுக்கு இந்த விரலாண்ட கொஞ்சம் செவப்பா கீது, பாருங்க" என்று அவர்களே காட்டுகிறார்கள்.

பௌர்ணமி வந்தால் எனக்கு இன்னொரு கவலை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில். உணர்ச்சி இல்லாத பாதத்தோடு போய் விட்டு வருகிறவர்கள் மறுவாரம் வருவார்கள். அதிலும் பகல் வெயிலில் தார் ரோட்டில் நடந்தவர்களின் உள்ளங்கால் தோல் அப்படியே கழன்றிருக்கும். போகாதீர்கள் என்று சொன்னால் கேட்பதில்லை, சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. வேண்டுதல் என்பது விளையாட்டு இல்லை. ஆம்பூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போவார், விடமாட்டேன் என்றார். பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பொழுது சாய்ந்து, ரோடு ஆறின பிறகுதான் கிளம்ப வேண்டும். செருப்புக்கு மனசு ஒப்பவில்லை என்பதால் கெட்டியான வெள்ளைத் துணிக் காலுறை இரண்டு ஜோடி, ரத்தமோ ஈரமோ பட்டால் வெள்ளையில் உடனே தெரியும். கூடப் போகும் மைத்துனர் ஒவ்வொரு லிங்கத்திலும் உட்காரவைத்து டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். எட்டு லிங்கம், எட்டு முறை. கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் அங்கேயே ஆட்டோ பிடித்து விட வேண்டும், மீதியை அடுத்த மாதம் சுற்றிக்கொள்ளலாம்.

போன மாதம் வருண லிங்கத்தோடு திரும்பிவிட்டார்கள். இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவு கொப்புளம். மறுநாள் காலையிலேயே வந்து காட்டினார். உடைக்காமல் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் காலை ஊன்றாமல் வைத்திருந்ததில் ஆறிவிட்டது. அடுத்த பௌர்ணமிக்கு எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமா, சாமி ஏற்றுக்கொள்ளுமா என்று குருக்களிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.